எடை போடாத வில்லை

"மேடம், அணைவு சேர்க்காத குடுவையிலும் சைக்ளோஹெக்சனால் வந்திருக்கிறது, 38 சதவீதம்" என்று என் ஆய்வு மாணவி சொன்னபோது, விளைபொருளின் அளவைக் காட்டும் ஜி.சி. (வாயு நிறவரைவு) வரைபடத்தை நான் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. ஐசோபுரொப்பனாலிலிருந்து ஹைட்ரஜனை எடுத்துக் கீட்டோன்களை ஆல்கஹாலாக்கும் வினையூக்கியாக ஒரு ரூத்தேனியம் அணைவை (உலோகச் சேர்மத்தை) அவள் சோதித்துக்கொண்டிருந்தாள்; அணைவு சேர்க்காமல் செய்து பார்க்கும் ஒப்பீட்டுச் சோதனைதான் பிளாங்க். "அசிட்டோபினோனுக்கு பிளாங்க் செய்தாயிற்று, 4 சதவீதம்தான். அது போதும், மற்ற கீட்டோன்களை முடி" என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள். ஆறு ஆண்டுகளாக அந்தத் தலையாட்டல்தான் நினைவில் நிற்கிறது.

அப்போது நான் சொன்னதற்குக் காரணங்கள் இருந்தன. ரூத்தேனியம் டிரைகுளோரைடை டிரைபீனைல்பாஸ்பீன், பார்மால்டிஹைடு ஆகியவற்றுடன் மெத்தாக்சி எத்தனாலில் கொதிக்க வைத்துக் கார்பனைல் சேர்மத்தை எடுத்து, அதனுடன் ஷிஃப் காரம் என்ற கரிமச் சேர்மத்தை ஈனியாக (உலோகத்தைப் பற்றும் மூலக்கூறாக) இணைத்து, படிகமும் வளர்ப்பதற்குள் அவளுக்கு ஒன்றரை ஆண்டு போயிருந்தது. உதவித்தொகை முடிய நான்கு மாதம் இருந்தது. வினையில் சேர்க்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்ற காரம் மட்டுமே இருந்தாலும் ஐசோபுரொப்பனாலிலிருந்து ஹைட்ரைடு (எதிர்மின்சுமையுள்ள ஹைட்ரஜன்) கீட்டோனுக்கு ஓரளவு கைமாறும் என்பதும் புதிதல்ல. அலுமினியம் அல்காக்சைடைக் கொண்டு இதே மாற்றத்தை 1925-லேயே செய்துவிட்டார்கள்.

ஆனால் அந்த 4 சதவீதம் எப்படி வந்தது என்பதை நான் பின்னர்தான் யோசித்தேன். தொடக்கத்தில், அந்த அசிட்டோபினோன் பிளாங்கின்போது, அவள் பொட்டாசியம் ஹைட்ராக்சைடை ஐசோபுரொப்பனாலில் கரைத்து, அளந்து ஊற்றினாள். கீட்டோன் வரிசை தொடங்கியதும் எங்கள் ஆய்வகப் பழக்கப்படி புட்டியிலிருந்து ஒரு வில்லையை இடுக்கியால் எடுத்துப் போட்டாள். ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும் அந்த வில்லையை யாரும் எடை போட்டதில்லை. ஏறக்குறைய 0.1 கிராம் என்று வைத்தால் 1.8 மில்லிமோல், குடுவையில் இருந்த கீட்டோனோ 2 மில்லிமோல். எங்கள் அணைவு 0.01 மில்லிமோல். வினையூக்கிக்குத் துணை என்று நாங்கள் எழுதிய காரம், கீட்டோனுக்கு ஈடான அளவில் 82 டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்தது. பழக்கத்தை ஏற்படுத்தியவள் நான். அவள் அதைப் பின்பற்றினாள், அவ்வளவே.

இருந்தாலும் அணைவு சேர்த்த குடுவையில் கிடைத்த 97 சதவீதத்திலிருந்து 38-ஐக் கழித்துவிட்டு மீதிதான் ரூத்தேனியத்தின் பங்கு என்று சொல்வதும் தவறு. இரண்டு வழிகளும் ஒரே கீட்டோனுக்குப் போட்டியிடுகின்றன. உலோக ஹைட்ரைடு விரைந்து வேலை செய்தால், காரத்துக்கு மிஞ்சுவது சொற்பமாகவே இருக்கும். ஆகவே நாங்கள் அச்சிட்ட 194 சுழற்சிகள் (ஓர் அணைவு மூலக்கூறு மாற்றிய கீட்டோன் மூலக்கூறுகளின் எண்ணிக்கை) உண்மையாகவே இருக்கலாம். இந்த வாதத்தை நான் பலமுறை எனக்கே சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், முதல் பத்து நிமிடத்தில் இரு குடுவைகளிலிருந்தும் ஒரு துளி எடுத்துப் பார்த்திருந்தால் இந்த வாதமே தேவைப்பட்டிருக்காதே என்ற இடத்தில்தான் வந்து நிற்கிறேன்.

இப்போது காரத்தை எடை போட்டுக் கரைசலாக்கித்தான் பயன்படுத்துகிறோம்; ஒவ்வொரு கீட்டோனுக்கும் தனித்தனி பிளாங்க் உண்டு. ஆனாலும் மாணவர் யாராவது பிளாங்க் முடிவுடன் வந்து நின்றால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருக்கு மிச்சமிருக்கும் மாதக் கணக்குதான்.

அவளுடைய அணைவு டெசிகேட்டரில் (ஈரம் புகாத கலனில்) இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நிறம் மங்கிவிட்டது, அதைக் கொண்டு இனி எதையும் நிரூபிக்க முடியாது என்று சொல்லி, மறுபடி செய்து பார்ப்பதைத் தள்ளிப்போடுகிறேன். அந்த 38-ஐச் சரிபார்க்க அணைவே தேவையில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல.