“காலை எடுத்துடுவாங்களா சிஸ்டர்?”

டர்பன் அரசு ஆஸ்பத்திரிகளின் சுவர்களில் ‘பாத்தோ பெலே’ (மக்களே முதல்) போஸ்டரைப் பார்த்திருப்பீர்கள். 1997இல் தென்னாப்பிரிக்க அரசு அறிவித்த எட்டுக் கொள்கைகள்; மரியாதையும் அவற்றில் ஒன்று. போஸ்டர் படித்து யாருக்கும் ஒத்துணர்வு வந்துவிடாது. விரிவுரை கேட்டாலும் வராது. நர்ஸுகளுக்கு இதை நடித்துப் பார்க்க வைத்துத்தான் சொல்லிக்கொடுக்க முடியும்.

ஒன்பது பேர் போதும். மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள்: நோயாளி, நர்ஸ், பார்த்துக் குறிப்பெடுக்கும் கவனிப்பவர். நடிப்பு ஐந்து நிமிடம், அதைப் பற்றிய பேச்சு பதினைந்து நிமிடம். பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. நடிப்பு கலகலப்பாக இருப்பதால் நீண்டுகொண்டே போகும், பேச்சுக்கு நேரம் இருக்காது. கற்றுக்கொள்வதெல்லாம் அந்தப் பேச்சில்தான்.

நம்மவர்கள் அதிகம் வாழும் டர்பனின் சாட்ஸ்வொர்த்துக்குப் பொருந்தும் ஒரு காட்சி: நோயாளி 67 வயது ஆயா, பல வருடச் சர்க்கரை, கால் கட்டைவிரல் கறுத்துவிட்டது. நர்ஸ் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார். நோயாளியாக நடிப்பவரிடம் மட்டும் ஒரு அட்டை கொடுங்கள்: “பக்கத்து வீட்டுக்காரருக்குக் காலை எடுத்தார்கள். ஆறே மாதத்தில் போய்விட்டார். இடம் கிடைத்தால் மட்டும் இதைச் சொல்.”

ஆயா கேட்கிறார்: “காலை எடுத்துடுவாங்களா சிஸ்டர்?”

அநேகமாக எல்லா நர்ஸும் சொல்வது: “கவலைப்படாதீங்க ஆயா, டாக்டர் பார்த்துக்குவார்.” ஆயா வாயை மூடிக்கொள்வார். அட்டையில் இருப்பது கடைசிவரை வெளியே வராது. அது வந்ததா இல்லையா என்பதுதான் இந்தப் பயிற்சியின் மதிப்பெண்.

மறுமுறை நடிக்கும்போது: கட்டுப் போடும் கையை நிறுத்து. உட்கார். “கால் போயிடுமோன்னு பயமா இருக்கா ஆயா?” என்று கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்துவரை எண்ணு. மூன்றிலேயே பலருக்கும் தாங்காது, ஏதாவது பேசி நிரப்புவார்கள். ஐந்துவரை பொறுத்தவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கதை கிடைக்கும். அதன்பின் பொய் வாக்குக் கொடுக்கக் கூடாது. “அதை இப்போ என்னால சொல்ல முடியாது. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நானும் கூட நின்னு கேக்குறேன்” என்பது போதும்.

நர்ஸும் ஆயாவும் சொன்ன வார்த்தைகளைக் கவனிப்பவர் அப்படியே எழுத வேண்டும். எந்த இடத்தில் ஆயா திறந்தார், எங்கே மூடிக்கொண்டார் என்று குறிக்க வேண்டும். “நல்லா பேசினே” என்ற பாராட்டால் யாருக்கும் பயனில்லை.

“உங்க கஷ்டம் எனக்குப் புரியுது” என்ற வாக்கியத்தை முதல் வகுப்பிலேயே தடை செய்துவிடுங்கள். மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள், நோயாளிக்கு அது உடனே தெரிந்துவிடும். “எங்க அம்மாவுக்கும் சர்க்கரைதான்” என்பதும் வேண்டாம். பேச்சு நர்ஸின் வீட்டுக்குப் போய்விடும். சொந்த வீட்டில் கால் எடுக்கப்பட்டவர் இருந்தால், அந்த மாணவி நோயாளியாக நடிக்கக் கூடாது. முன்கூட்டியே தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘கண்ணைப் பார்த்துப் பேசு’ என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் இங்குள்ள ஜூலு மக்களின் வழக்கத்தில் பெரியவர் முன் பார்வையைத் தாழ்த்துவது மரியாதை. மூத்த நர்ஸின் முன் தலைகுனிந்திருக்கும் இளம் நோயாளியை ‘ஒத்துழைக்கவில்லை’ என்று ஃபைலில் எழுதிவிடுகிறார்கள். பேரன் மொழிபெயர்த்தால், பேசும்போது பேரன் பக்கம் திரும்பாமல் நோயாளி பக்கமே திரும்பி இருங்கள். கெட்ட சேதியைப் பேரன் பாதி விழுங்கிவிடுவான் என்பதையும் மறக்க வேண்டாம்.

நேரமில்லை என்பார்கள். ஆள் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் நின்றபடி சொல்வதை உட்கார்ந்து சொல்ல எவ்வளவு கூடுதல் நேரம் ஆகும்? அமெரிக்காவின் கன்சாஸில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், மருத்துவர் உட்கார்ந்து பேசியபோது அதிக நேரம் இருந்ததாக நோயாளிகள் நினைத்தார்கள். உண்மையில் அவர் அதிக நேரம் இருக்கவில்லை. வார்டில் நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போடுவதும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

பலன் தெரிய, ஒத்துணர்வை அளக்கும் ஜெஃபர்சன் அளவுகோல் உண்டு: 20 கேள்விகள், உச்ச மதிப்பெண் 140. நர்ஸ் தன்னைப் பற்றித் தானே நிரப்புவது, அதனால் எனக்கு அதில் அரை நம்பிக்கைதான். தன்னிடம் எவ்வளவு ஒத்துணர்வு காட்டினார்கள் என்று நோயாளியே நிரப்பும் ‘கேர்’ படிவம் அதைவிட மேலானது, பத்தே கேள்விகள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டட்டும், ஆனால் வாசிப்பவர் அந்த நர்ஸாக இருக்கக் கூடாது.