மிஷன் குழு கிளம்புமுன்

குறுகிய கால கிறிஸ்தவ ஊழியத்துக்கு ஒரு குழு கிளம்பும்போது பாட்டு, நாடகம், துண்டுப்பிரதி எல்லாம் ரெடியாகிவிடுகிறது. போகிற இடத்து மக்களிடம் எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது என்பதற்கு மட்டும் நேரம் ஒதுக்குவதில்லை. இது எனக்கு உண்மையிலேயே பாரமாக இருக்கிறது.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 14-ம் அதிகாரத்தைக் குழுவோடு உட்கார்ந்து வாசியுங்கள். லீஸ்திரா என்ற ஊரில் பவுலின் வார்த்தையால் ஒரு சப்பாணி எழுந்து நடந்ததும், ஜனங்கள் லிக்கவோனியா பாஷையில் அவரோடு வந்த பர்னபாவை யூப்பித்தர் என்றும் பவுலை மெர்க்கூரி என்றும் தங்கள் தெய்வங்களின் பெயரால் சொன்னார்கள். எருதுகளும் பூமாலைகளும் வந்து பலியிடப் போகும் நேரத்தில்தான் அப்போஸ்தலர்கள் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடுகிறார்கள். ஜனங்களின் பேச்சு புரியாமல் பவுலுக்கே இந்த நிலை!

மொழிபெயர்ப்பாளரோடு பேசிப் பழகாத யாரையும் மேடையேற்றாதீர்கள். ஒரு சின்ன வாக்கியம், அப்புறம் நிறுத்தம். பார்வை கேட்கிறவர் முகத்தில் இருக்கட்டும். தலையாட்டினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விருந்தாளியிடம் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவதைப் பல சமூகங்கள் மரியாதைக் குறைவாக நினைக்கின்றன. ‘புரிந்ததா?’ என்பதைவிட ‘இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள், பேச்சே மாறும்.

பிள்ளைகளைப் படம் எடுக்குமுன் பெற்றோரிடம் கேளுங்கள். ‘சீக்கிரமே திரும்பி வருவோம்’ என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் கிளம்பியபின் அங்கேயே இருக்கும் ஊழியர்தான் அதற்குப் பதில் சொல்லவேண்டியிருக்கும்.