கிணற்றுத் தண்ணீரும் என் சுகரும்

மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஏ1சி சோதனையில் 6.1 என்று வந்தபோது எனக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே சுகர். அரிசியைக் குறைத்தேன், தினமும் நடந்தேன். ஆறு மாதம் கழித்து 6.2. அப்போதுதான் டாக்டர் கேட்டார், "வீட்டில் கிணற்றுத் தண்ணீரா?"

ஆமாம். நாங்கள் இருப்பது அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில். ஊருக்கு வெளியே பல வீடுகளுக்குப் பாறையைத் துளைத்துப் போட்ட போர்வெல்தான். அந்தப் பாறையிலிருந்தே ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் தண்ணீரில் இறங்குகிறது. நிறம், வாடை, ருசி எதுவும் கிடையாது. சொந்தக் கிணற்றை அரசு சோதிக்காது, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வீடு வாங்கியபோது பாக்டீரியாவுக்கு மட்டும் பார்த்ததோடு விட்டுவிட்டோம்.

லேபில் பாட்டில் வாங்கி, குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடித்துக் கொடுத்தோம். லிட்டருக்கு 23 மைக்ரோகிராம் என்று வந்தது. நாடு முழுக்கக் குடிநீர் வரம்பு 10. இந்த மாநிலம் 2021-ல் அதை 5 ஆக்கியது. பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்கும் கொடுத்த தண்ணீர். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

ஆர்சனிக் கணையம் இன்சுலின் சுரப்பதையும், தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்வதையும் கெடுக்கும் என்று டாக்டர் விளக்கினார். தைவானிலும் வங்கதேசத்திலும் நிறைய ஆர்சனிக் கலந்த தண்ணீர் குடித்தவர்களிடம் சர்க்கரை நோய் அதிகம் என்பது 1990-களிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் தண்ணீரில் இருந்தது போன்ற குறைந்த அளவுக்கு ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லவில்லை. அதனால் என் சுகருக்கு இதுதான் காரணம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன்.

அப்புறம் உடம்பில் ஆர்சனிக் எவ்வளவு என்று பார்க்கச் சிறுநீர்ச் சோதனை. அதற்கு முன் ஐந்து நாள் மீன், இறால், கருவாடு எதுவும் கூடாது. கடல் உணவில் இருப்பது பெரும்பாலும் கெடுதல் இல்லாத வேறு வகை ஆர்சனிக், ஆனால் மொத்தக் கணக்கை ஏற்றிக் காட்டிவிடும். இதை முதல்முறை யாரும் சொல்லாததால் நான் இரண்டு தடவை கொடுக்க வேண்டியதாயிற்று.

கொதிக்க வைத்தால் போகுமே என்று நினைத்திருந்தேன். போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், ஆர்சனிக் பாத்திரத்திலேயே நிற்கும். அரிசியிலும் கொஞ்சம் ஆர்சனிக் உண்டு. அம்மா நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தட்டை மூடிச் சாய்த்துக் கஞ்சியை வடிப்பார். நல்ல தண்ணீரில் அப்படி வடித்தால் அரிசியின் ஆர்சனிக் கணிசமாகக் குறையும். நான் இங்கே வந்ததும் குக்கருக்கு மாறினேன். அளந்து ஊற்றிய கிணற்றுத் தண்ணீர் முழுக்கச் சோற்றுக்குள்ளேயே போனது.

குளிக்கவும் துவைக்கவும் பயமில்லை என்றார்கள். குடிக்க, சமைக்க மட்டும் சிங்குக்கு அடியில் ஆர்.ஓ. மாட்டினோம். மாட்டியதோடு விடாமல் அந்தக் குழாய்த் தண்ணீரையும் லேபுக்கு அனுப்பினோம். சிலவகை ஆர்சனிக் ஆர்.ஓ.வையும் தாண்டி வந்துவிடும். எங்களுக்கு 1-க்கும் கீழே வந்தது. இப்போது ஏ1சி 5.9. நடையா, சாப்பாடா, தண்ணீரா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பக்கத்து வீட்டுக் கிணற்றில் 2 மைக்ரோகிராம்தான். இரண்டு கிணறுகளுக்கும் நடுவே முந்நூறு அடிகூட இல்லை. எதிர்வீட்டில் இன்னும் பார்க்கவில்லை. அந்த அம்மாவுக்கு நேற்று ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.