மெதுவாக ஓடும் எஞ்சினே எனக்கு வேண்டும்

தோட்டத்துத் தண்டவாளத்தில் நீராவி எஞ்சின் ஓட்டுகிறேன் என்று சொன்னால், பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது அது எவ்வளவு வேகமாகப் போகும் என்பதைத்தான். எந்த எஞ்சினும் வேகமாகப் போகும். நீராவியின் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை முழுவதுமாகத் திறந்துவிட்டால் மலிவான எஞ்சின்கூட முதல் வளைவிலேயே தடம் புரண்டு விழுகிற அளவுக்குப் பாயும். ஆகவே இரண்டு எஞ்சின்களில் எது மேல் என்று அறிய வேகத்தைப் பார்ப்பதில் பயனில்லை. பெட்டிகளை இழுத்துக்கொண்டு, ஆள் நடப்பதைவிட மெதுவாக, இடையில் நின்றுவிடாமலும் திடீரென்று பாயாமலும் அது எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதையே நான் பார்க்கிறேன்.

மின்சாரத்தில் ஓடிக்கொண்டு புகைபோக்கியில் செயற்கைப் புகை விடும் மாதிரிகளைப் பற்றி நான் பேசவில்லை. உள்ளே உண்மையான தீ, உண்மையான கொதிகலன், நீராவி தள்ளும் உண்மையான பிஸ்டன் ஆகியவற்றைக் கொண்ட எஞ்சின்களைப் பற்றியே பேசுகிறேன். இங்கிலாந்தில் இந்தப் பொழுதுபோக்கு பல அளவுகளில் நடக்கிறது. ஆள் ஏறி அமர்ந்து போகக்கூடிய 5 அங்குல, 7¼ அங்குல அகலப் பாதைகள் ஒரு பக்கம். வீட்டுத் தோட்டத்திலேயே போட்டுவிடக்கூடிய 32 மில்லிமீட்டர், 45 மில்லிமீட்டர் பாதைகள் மறு பக்கம். நான் இருப்பது இந்தச் சிறிய பக்கத்தில். ஓர் அடியை 16 மில்லிமீட்டராகச் சுருக்கினால், அதாவது ஏறத்தாழ 19-இல் ஒரு பங்காக்கினால், 32 மில்லிமீட்டர் தண்டவாளம் இரண்டடி அகலப் பாதைக்குச் சமமாகிவிடுகிறது. வேல்ஸ் நாட்டின் மலைப்பாதைகளும் நம் டார்ஜிலிங் மலை ரயிலும் அந்த அகலத்தை ஒட்டியவையே. டார்ஜிலிங்கின் புகழ்பெற்ற ‘பி’ வகை எஞ்சினை இங்கிலாந்தின் தோட்டங்களில் பார்க்க முடிவதற்கு அதுவே காரணம்.

எஞ்சினைச் சுருக்கிவிடலாம், வெப்பத்தின் இயல்பைச் சுருக்க முடியாது. நீள அகலங்களை 19-இல் ஒன்றாக்கினால் கொதிகலனின் மேற்பரப்பு 361-இல் ஒன்றாகக் குறைகிறது, அதனுள் அடங்கும் நீரோ 6,859-இல் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு சொட்டு நீருக்கும் வெப்பத்தை வெளியே விடும் பரப்பு, பெரிய எஞ்சினில் இருப்பதைப்போல் 19 மடங்கு என்று பொருள். பெரிய எஞ்சின் தீ அணைந்த பின்னும் நெடுநேரம் நீராவியைத் தேக்கி வைத்திருக்கும். சிறியதில் பர்னர் அணைந்த சில நிமிடங்களிலேயே அழுத்தமானியின் முள் சரியத் தொடங்கும். சிலிண்டரின் கதையும் இதுவே. சூடான நீராவி குளிர்ந்த பித்தளைச் சுவரைத் தொட்டவுடன் மீண்டும் நீராகிவிடுகிறது. அந்த நீர் புகைபோக்கி வழியாகத் தெறித்து வெளியேறும் வரை எஞ்சின் தன் உண்மையான ஓட்டத்தைக் காட்டாது. அதனால் முதல் இரண்டு சுற்றுகளை வைத்து எந்த எஞ்சினையும் குறை சொல்வது நியாயமாகாது.

ஒப்பிடுவதற்கு முன் எஞ்சினைத் தயார் செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பாதி வித்தியாசங்கள் அங்கேயே தெரிந்துவிடும். முதலில் சிலிண்டருக்கு எண்ணெய் ஊட்டும் லூப்ரிகேட்டர் குடுவையில் தேங்கியிருக்கும் பழைய நீரைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, சிலிண்டருக்கென்று விற்கப்படும் கெட்டியான நீராவி எண்ணெயை ஊற்ற வேண்டும். இந்தக் குடுவையில் பம்ப் எதுவும் கிடையாது. உள்ளே நுழையும் நீராவியில் சிறிதளவு குளிர்ந்து நீராகி அடியில் இறங்குகிறது. எண்ணெய் மேலே மிதக்கிறது. இறங்கிய நீரின் அளவுக்கு எண்ணெய் நிரம்பி வழிந்து நீராவியோடு சிலிண்டருக்குப் போய்ச் சேருகிறது. இதைவிட எளிய ஏற்பாட்டை நான் எந்த இயந்திரத்திலும் கண்டதில்லை. அடுத்து கொதிகலனை விளிம்புவரை நிரப்பி, நீராவி சேர இடம் இருக்கவேண்டும் என்பதற்காகக் குறிப்பிட்ட அளவைத் திரும்ப உறிஞ்சி எடுக்க வேண்டும். அதன்பின் பியூட்டேன் வாயுவைத் தொட்டியில் ஏற்றினால், நிரம்பியதற்கு அடையாளமாக வால்வின் ஓரத்திலிருந்து வெண்ணிறமாகச் சீறும். வாயுக் குமிழை மெல்லத் திறந்து புகைபோக்கியின் வாயில் லைட்டரைக் காட்டினால், தீ ‘பொக்’ என்ற ஒலியோடு உள்ளே இறங்கி, கொதிகலனின் நடுவே செல்லும் குழாயில் இருக்கும் பர்னரில் போய் அமர்ந்துகொள்ளும். அதன்பின் ஒரு மெல்லிய உறுமல் மட்டும் கேட்கும். அந்த உறுமல் ஊளையாக மாறினால் வாயு அதிகம் என்று அர்த்தம்.

சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தம் என்பது இந்த அளவில் வழக்கமான ஒன்று. அந்த அழுத்தத்தில் கொதிகலனுக்குள் இருக்கும் நீரின் வெப்பம் சுமார் 140 டிகிரி செல்சியஸ். முள் அங்கே வந்ததும் பாதுகாப்பு வால்வு திறந்துகொள்ளும். ஒரு நல்ல வால்வு சற்றே முணுமுணுத்துத் திறந்து, அழுத்தம் இரண்டு மூன்று பவுண்டு இறங்கியதும் மூடிக்கொள்ளும். மோசமானது சட்டென்று வெடித்துத் திறந்து, கால்வாசி நீராவியை வெளியேற்றிய பிறகே மூடும். எஞ்சினின் தோற்றத்தில் மயங்கி வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

இப்போது, சிலிண்டருக்குள் நீராவியை விட்டு வெளியேற்றும் வால்வு அமைப்புக்கு வருவோம். மெதுவான ஓட்டத்தின் ரகசியம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. மிக எளிய வகையில் வால்வு என்று தனியாக ஒன்றுமில்லை, சிலிண்டரே ஊசலாடுகிறது. ஒரு பக்கம் சாயும்போது அதன் துளை நீராவி வரும் துளையோடு பொருந்துகிறது, மறு பக்கம் சாயும்போது வெளியேறும் துளையோடு பொருந்துகிறது. 1970-களின் இறுதியில் வெளிவந்த, பிரிட்டனின் மாமோட் நிறுவன எஞ்சின்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. கொதிகலனுக்கு அடியில் வில்லையாகக் கெட்டி எரிபொருளை எரித்து ஓடிய அவை, சாதாரண வருமானம் உள்ளவர்களின் வீட்டுத் தோட்டத்துக்கு நீராவியைக் கொண்டுவந்தவை என்பதால் அவற்றின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனாலும் சிலிண்டரை, அந்தத் துளைகள் உள்ள முகப்புத் தகட்டோடு அழுத்திப் பிடித்திருப்பது ஒரு சுருள்வில்தான். வில்லைத் தளர்த்தினால் நீராவி கசியும், இறுக்கினால் உராய்வு கூடும். இரண்டுக்கும் இடைப்பட்ட சமநிலை எஞ்சின் சூடேறியதும் மாறிவிடும். அதனால் இந்த வகை ஒன்று நன்றாக ஓடும், அல்லது நிற்கும்.

அடுத்த படியில் சிலிண்டர் அசையாமல் நிற்க, தனி வால்வு ஒன்று முன்னும் பின்னும் நகர்கிறது. ஆனால் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்ட, நடுவில் இருக்கும் இன்னொரு வால்வைத் திருப்பி, நீராவி உள்ளே வரும் வழியையும் வெளியேறும் வழியையும் ஒன்றுக்கொன்று மாற்றிவிடுகிறார்கள். அக்யூகிராஃப்ட் நிறுவனத்தின் ‘ரூபி’ எஞ்சின் இப்படிப்பட்டது. செலவு குறைவு, பழுதாக அதிக உறுப்புகள் இல்லை. இதற்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், வழிகள் இரண்டும் இடம் மாறவேண்டியிருப்பதால் இரு திசையிலும் வால்வு ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். ஆகவே பிஸ்டன் பாதி தூரம் போனதும் நீராவியை நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பதை விரிவடைய விட்டு வேலை வாங்குவது என்பது இதில் இயலாது. பிஸ்டன் நகரும் தூரம் முழுவதும் கொதிகலனிலிருந்து நீராவி வந்துகொண்டே இருக்கும். நீர் சீக்கிரம் தீரும்.

மூன்றாவது வகை, பெல்ஜியத்தின் எகிட் வால்ஷார்ட்ஸ் 1844-இல் உருவாக்கிய வால்வு கியரை, அதாவது வால்வை நகர்த்தும் தடிகளின் அமைப்பை, பின்பற்றுவது. டான்காஸ்டரில் இருக்கும் ரவுண்ட்ஹவுஸ் நிறுவனம் தன் பல எஞ்சின்களில் இதை எளிமைப்படுத்திப் பயன்படுத்துகிறது. ஜப்பானின் ஆஸ்டர் நிறுவனம் 1975 முதல் வெளியிட்ட 45 மில்லிமீட்டர் எஞ்சின்கள் பலவற்றில் அதைப் பெரிய எஞ்சினில் உள்ளபடியே காணலாம். எது மேல்? காகிதத்தில் பார்த்தால் முழுமையானதே மேல். ஆனால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்மானம்கூட வால்வு திறக்கும் நேரத்தைக் குலைத்துவிடும் இந்த அளவில், இணைப்புகள் குறைந்த எளிய வடிவம் பல ஆண்டு ஓட்டத்துக்குப் பின்னும் அதே நிதானத்தோடு ஓடுவதை நான் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் மழையிலும் மண்ணிலும் ஓட்டுவதற்கு என் வாக்கு எளிமைக்கே. கண்ணாடிப் பெட்டியில் வைத்து எப்போதாவது ஓட்டுகிறவர்கள் தாராளமாக ஆஸ்டர் வாங்கலாம். அந்தத் தடிகளின் அசைவை அருகிலிருந்து பார்ப்பதற்கே அந்த விலை தகும்.

எரிபொருளும் ஒப்பீட்டைக் குழப்பும். பியூட்டேன் கொதிப்பது பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே. வாயு வெளியேற வெளியேறத் தொட்டி தானாகவே குளிர்ந்துவிடுவதால், குளிர்காலக் காலையில் அது போதுமான அழுத்தம் தராது, பர்னர் சோர்ந்துவிடும். எஞ்சின் மோசம் என்று முடிவு கட்டுவதற்கு முன் தொட்டியைச் சுற்றி வெதுவெதுப்பான நீர் ஊற்றிப் பார்க்க வேண்டும், அல்லது புரொப்பேன் கலந்த வாயுவுக்கு மாற வேண்டும். திரி வைத்து ஸ்பிரிட் (எரிசாராயம்) எரிக்கும் எஞ்சின்களுக்குக் குளிர் ஒரு பொருட்டல்ல, காற்றுதான் எதிரி. தீயை இழுக்கும் வேகம் நீராவி வெளியேற்றத்திலிருந்தே வருவதால், தொடக்கத்தில் புகைபோக்கியின் மேல் ஒரு சிறு மின்விசிறியை வைத்து இழுவை உண்டாக்க வேண்டும். நிலக்கரி எரிப்பவர்களின் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன். தீப்பெட்டி அளவே உள்ள அடுப்பில் கரித்துண்டுகளைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே இருப்பவருக்கு எஞ்சினை ரசிக்க நேரம் கிடைக்கிறதா என்பது எனக்கு இன்னும் சந்தேகமே.

அவ்வளவு சிறிய நிலக்கரி அடுப்பு வேலை செய்யவே செய்யாது என்று வல்லுநர்கள் ஒரு காலத்தில் நம்பியிருந்தார்கள். 1920-களின் தொடக்கத்தில் எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் மாடல் எஞ்சின்களைப் பற்றி எழுதிய கர்லி லாரன்ஸ் 2½ அங்குலப் பாதைக்கான தன் ‘ஆயிஷா’ எஞ்சினில் நிலக்கரியை எரித்து, பெரியவர் ஒருவரை ஏற்றி இழுத்துக் காட்டினார். அதைத் தொடர்ந்து ஆங்கில மாடல் எஞ்சினியரிங் இதழ்களில் கிளம்பிய வாதம் கொதிகலன் போர் என்றே பெயர் பெற்றது. பக்கம் பக்கமாக எழுதப்பட்ட வாதங்களைவிட அந்த ஓட்டமே வென்றது.

ஓடவிட்டுத் தீர்ப்புச் சொல்லும் இந்த வழக்கம் ரயிலின் பிறப்போடு சேர்ந்தது. 1829 அக்டோபரில் இங்கிலாந்தின் ரெயின்ஹில்லில் நடந்த ரயில் எஞ்சின் போட்டியில் கூட்டத்தின் அபிமானத்தைப் பெற்றது ‘நாவல்டி’. எடை குறைந்த அந்த எஞ்சின் முதல் நாளில் மணிக்கு 28 மைல் வேகத்தை எட்டியது. ஆனால் நடுவர்களின் நிபந்தனை வேறு: தன் எடையின் மூன்று மடங்கை இழுத்துக்கொண்டு, குறைந்தது 10 மைல் சராசரி வேகத்தில், லிவர்பூலிலிருந்து மான்செஸ்டர் போய்த் திரும்பும் தூரத்துக்குச் சமமாகப் போய்வந்துகொண்டே இருக்க வேண்டும். அதை முடித்தது ‘ராக்கெட்’ ஒன்றே. 1969 முதல் பிரிட்டனில் நடந்துவரும் மாடல் எஞ்சின்களுக்கான செயல்திறன் போட்டியும் இதே போக்கில்தான் இருக்கிறது. எடைபோட்ட நிலக்கரியைக் கொடுத்து, இழுவிசையை அளக்கும் வண்டியை எஞ்சினுக்குப் பின்னால் கோத்து, எரிந்த கரியின் வெப்பத்தில் எத்தனை பங்கு இழுக்கும் வேலையாக மாறியது என்று கணக்கிடுகிறார்கள். வெல்லும் எஞ்சின்களுக்கே அது மிகச் சிறிய சதவீதமாகத்தான் வரும்.

என் தோட்டத்தில் அத்தகைய அளவீட்டு வண்டி கிடையாது. அதே பெட்டிகள், அதே திசை, சூடேற்றும் சுற்றுகளுக்குப் பிறகே கணக்குத் தொடக்கம், ரேடியோ கட்டுப்பாடு இருந்தாலும் கையை எடுத்துவிட வேண்டும் என்பவை என் விதிகள். ஏற்றத்தில் தளர்ந்தும் இறக்கத்தில் பாய்ந்தும் போகும் எஞ்சினுக்குக் கையால் உதவிக்கொண்டே இருந்தால் அளக்கப்படுவது ஓட்டுநரின் திறமை, எஞ்சினுடையதல்ல. ஓட்டம் முடிந்ததும் ஆறவிட்டு, கொதிகலனில் மிஞ்சிய நீரைச் சிரிஞ்சால் அளக்கிறேன். ஒழுங்காக வடிவமைத்த எஞ்சினில் நீருக்கு முன் வாயு தீர்ந்துவிட வேண்டும். தீ எரியும்போது நீர் வற்றினால் வெள்ளிப் பற்று வைத்த மூட்டுகள் பாழாகிவிடும். மிஞ்சிய நீர் கைப்பிடி அளவாவது இருந்து, ஓட்ட நேரமும் நீண்டதாக இருந்தால் அந்த எஞ்சினின் வால்வுகள் நீராவியை வீணாக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

பழைய எஞ்சின் வாங்க நினைப்பவர்கள் இந்த ஓட்டத்துக்கும் முன்பாகக் கொதிகலனின் சோதனைச் சான்றைக் கேட்க வேண்டும். மறு சோதனையில் வழக்கமான அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கை, புதிய கொதிகலனுக்கு இரண்டு மடங்கை, குளிர்ந்த நீரால் ஏற்றிப் பார்ப்பார்கள். நீர் அமுங்காது என்பதால், மூட்டு விட்டாலும் சிறிது கசிவதோடு நின்றுவிடும். அதே அழுத்தத்தைக் காற்றால் ஏற்றினால் வெடித்துச் சிதறும். சைக்கிள் பம்பால் காற்றடித்துச் சக்கரத்தைச் சுற்றிக் காட்டி “நன்றாக ஓடுகிறது பாருங்கள்” என்று சொல்கிற விற்பனையாளரிடம், நீர் ஊற்றி, தீ மூட்டி, மெதுவாக ஓட்டிக் காட்டும்படி கேளுங்கள். சாக்குச் சொன்னால் விலையைக் குறைத்துக் கேட்பதைவிட வேறு எஞ்சினைத் தேடுவது நல்லது.