கணியம்: அக்டோபர் – நவம்பர் 2025

அக்டோபர் 8, புதன்

எங்கள் ஊர்க் கடற்கரைச் சொற்களைச் சேர்த்து வைத்திருக்கும் என் தளத்தைக் காலை ஆறரைக்குத் திறந்தேன். வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரே வரி: டேட்டாபேஸோடு இணைய முடியவில்லை. முன்பும் இப்படி வந்திருக்கிறது, பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். ஆபீஸ் கிளம்பிவிட்டேன். மதியம் பார்த்தேன், அதே வரி. இரவு பதினொன்றரைக்கும் அதே வரி.

அக்டோபர் 9, வியாழன்

ஹோஸ்டிங்காரர்களிடமிருந்து பதில் வந்தது. புது சர்வருக்கு மாற்றும்போது ஸ்டோரேஜ் பழுதாகிவிட்டதாம், என் கணக்கில் இருந்ததை மீட்க முடியவில்லையாம். அவர்கள் எடுத்து வைத்த பேக்கப்பும் அதே ஸ்டோரேஜில்தான் இருந்திருக்கிறது. என் பிளகின் வாராவாரம் எடுத்த ஜிப் கோப்புகளும் அதே கணக்கில், பக்கத்து ஃபோல்டரில்.

வீட்டு டிஸ்க் இருக்கிறதே என்று அப்போதும் தைரியமாகத்தான் இருந்தேன். தினமும் இரவு இரண்டு மணிக்கு ஆர்சிங்க் என்ற நிரல் ஓடி, சர்வரில் உள்ளதை அப்படியே வீட்டு டிஸ்க்கில் வைக்கும். திறந்தேன். ஒன்றுமே இல்லை. ஃபோல்டர் பெயர்கள்கூட இல்லை.

லாக் கோப்பைப் படித்த பிறகுதான் புரிந்தது. சர்வரில் நீக்கியதை இங்கேயும் நீக்கு என்று கட்டளையில் ஒரு சொல் சேர்த்திருந்தேன், டிலீட். புதன் அதிகாலை அங்கே என் கணக்கு காலியாக இருந்திருக்கிறது. அதைப் பார்த்து இங்கேயும் காலியாக்கிவிட்டது. 2:00-க்குத் தொடங்கி 2:04-க்கு முடித்திருக்கிறது. நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா பேசிய நாற்பது நிமிட ஒலிப்பதிவு அதில்தான் இருந்தது. வேறெங்கும் இல்லை.

அக்டோபர் 10, வெள்ளி

டிஸ்க்கின் வயரைப் பிடுங்கிவிட்டேன். இனி அதில் ஒரு எழுத்துகூடப் புதிதாக எழுதக் கூடாது. நீக்கினால் கோப்பு உடனே அழிந்துவிடுவதில்லை, அது எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் போகிறது. அந்த இடத்தில் வேறு ஏதாவது வந்து உட்காரும்வரை உள்ளே இருப்பது இருக்கும். நல்லவேளை, இது சுழலும் பழைய டிஸ்க். எஸ்எஸ்டியாக இருந்தால், நீக்கிய இடத்தை டிரிம் கட்டளை பெரும்பாலும் சீக்கிரமே துடைத்துவிடும்.

ஆனால் ஆர்சிங்க் புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று இரவு ஓடியிருக்கிறது. ஹோஸ்டிங்காரர்கள் போட்ட வெற்றுப் பக்கங்களைக் கொண்டுவந்து எழுதியிருக்கிறது. எவ்வளவு எழுதியது, எதன் மேல் எழுதியது?

அக்டோபர் 11, சனி

பழைய மெயிலில் ஒரு டேட்டாபேஸ் டம்ப், அதாவது தளத்தில் எழுதியதெல்லாம் அடங்கிய நகல் கிடைத்தது, மார்ச் 2023. எதற்காகவோ எனக்கு நானே அனுப்பியிருக்கிறேன். 540 சொற்கள் அதில் இருக்க வேண்டும். கடைசியாக 612 இருந்தது.

ஏற்றிப் பார்த்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. தலைக்கு மேல் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’, அப்புறம் ஏதோ ஒரு குறி. மறுபடி அதே ஏ, அதே ஆர். பக்கம் பக்கமாக இதுதான். இரவு சாப்பிடவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

சரியாகிவிட்டது! எழுதி வைக்கிறேன், இன்னொருவருக்கும் உதவும்.

கணினி எழுத்தைப் பதியும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் (‘கி’ என்றால் க ஒன்று, கொக்கி ஒன்று, இரண்டு குறி). முதல் பைட் எப்போதும் ஒன்றேதான். அந்த மூன்றையும் சேர்த்துப் படிக்காமல், ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து என்னும் பழைய லத்தீன்-1 முறை என்று நினைத்துத் தனித்தனியாகப் படித்தால் அந்தச் சாய்கோட்டு ஏ திரும்பத் திரும்ப வரும். அதாவது எழுத்து உடையவில்லை, தப்பாகப் படிக்கப்படுகிறது. கேள்விக்குறியாக வந்திருந்தால்தான் பயப்பட வேண்டும். எழுத்து இருந்த இடத்தில் நிஜமாகவே கேள்விக்குறி பதிவாகியிருந்தால் அதை மீட்க வழி கிடையாது.

டம்ப்பை லத்தீன்-1 என்று சொல்லி வெளியே எடுத்தேன். கோப்பின் தலையில் இருந்த பெயரை யுடிஎஃப்8எம்பி4 (டேட்டாபேஸில் யுடிஎஃப்-8-க்கு இதுதான் பெயர்) என்று மாற்றி மறுபடி உள்ளே ஏற்றினேன். பக்கத்தைப் புதுப்பித்ததும் முதல் வரி வந்தது: அணியம் – வள்ளத்தின் முன்பகுதி. அடுத்தது ஓங்கல். அடுத்தது கச்சான். கொண்டல். சோழகம். தாமான். நீவாடு.

கொஞ்ச நேரம் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

மீதி 72. இன்டர்நெட் ஆர்க்கைவ் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் ஒவ்வொரு பக்கமாகத் தேடுகிறேன். கூகுளில் முன்பு இருந்த சேமித்த பக்கங்கள் 2024-இல் போய்விட்டன. இப்போது இது ஒன்றுதான் கதி.

இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996-இல் தொடங்கியது. இந்த மாதம் அவர்கள் சேமித்த பக்கங்கள் ஒரு லட்சம் கோடியைத் தொடுகின்றன. அவ்வளவு பெரிய குவியலில் நம் ஊர்க் கடற்கரைச் சொல் 49 இருந்தன. யாரும் கேட்காமலே ஏதோ ஒரு நாளில் வந்து எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களையும் போன வருஷம் இதே அக்டோபரில் தாக்கிப் பல நாள் முடக்கிப் போட்டார்கள். அந்த வாரத்தில் எனக்கு இது நடந்திருந்தால்?

ஒலிக்கோப்பு ஒன்றும் அங்கே இல்லை. மூலப் பதிவுகளை வெளியே தெரியாத ஃபோல்டரில் நான்தான் வைத்திருந்தேன்.

72-இல் 49 போனால் 23.

அக்டோபர் 15, புதன்

அம்மா போனில், “பெரியப்பா பேசுனத ஒருக்கா போடு மக்ளே, கல்லறைத் திருநாள் வருதுல்லா” என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

தூக்கம் வரவில்லை. நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தின் கதையை மறுபடி படித்தேன். 2017 ஜனவரி 31. ராத்திரி நேரம், ஒரு பொறியாளர் வேறு சர்வர் என்று நினைத்து ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸின் ஃபோல்டரையே நீக்கத் தொடங்கிவிட்டார். உணர்ந்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மீதி. ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடு இருந்தும் எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. டம்ப் எடுக்கும் நிரல் வேறு பதிப்பு என்பதால் நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. தோற்றுவிட்டது என்று சொல்லும் மெயில்களும் போய்ச் சேராமல் திரும்பிவிட்டன. யாரோ வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த பிரதி ஒன்றுதான் காப்பாற்றியது.

அவர்கள் அத்தனையையும் மறைக்காமல் எழுதினார்கள். அதைப் படித்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வருகிறது.

போன மாதம் 26-ஆம் தேதி கொரியாவில், டேஜான் நகரத்து அரசு டேட்டா சென்டரில் தீ. அரசு ஊழியர்கள் கோப்பு வைத்திருந்த 858 டெராபைட் போய்விட்டது. வெளியே பிரதி இல்லை. அங்கே எத்தனை பேர் இப்போது என்னைப்போல உட்கார்ந்திருப்பார்கள்.

அக்டோபர் 18, சனி

புதிதாக 4 டிபி டிஸ்க் வாங்கினேன். பழையதை அதன்மேல் அப்படியே, பைட் பைட்டாக, டிடிரெஸ்க்யூ என்ற நிரலில் நகல் எடுக்கிறேன். தேடுவதெல்லாம் நகலில்தான், மூலத்தைத் தொடக் கூடாது. லேப்டாப்பில் யுஎஸ்பி 2 போர்ட்தான். பதினேழு மணி நேரம் என்று காட்டுகிறது.

டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நடுவே ஒரு டிக். அப்புறம் பழைய சத்தம். அந்த டிக்குக்காக விழித்திருக்கிறேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

நகல் முடிந்தது. படிக்க முடியாத இடம் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தெரு முழுக்க வெடி. நான் ஹெட்போனோடு உள்ளே.

ஃபோட்டோரெக் என்ற மீட்பு நிரல் நேற்று இரவு முழுக்க ஓடியது. எந்தக் கோப்பு எங்கே என்று குறித்து வைக்கும் ஃபைல் சிஸ்டத்தை அது நம்புவதில்லை. டிஸ்க்கின் முதல் மூலையிலிருந்து கடைசி மூலைவரை போய், இது வேவ் ஒலிக்கோப்பின் தலை, இது ஜேபெக் படத்தின் தலை என்று முகத்தைப் பார்த்து அள்ளுகிறது. கோப்பின் பெயர் கிடைக்காது, தேதி கிடைக்காது. எஃப் என்று தொடங்கி ஒரு எண், அவ்வளவுதான். ஒலிக்கோப்பு மட்டும் 386.

ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். காற்று. மீன் ஏலம். கரைமடி வலை இழுக்கும் சத்தம். ஒரு பாட்டி சிரிக்கிறார், யாரென்று தெரியவில்லை. நாய். மறுபடி காற்று. என் குரல், இளசாக, “இத என்ன சொல்லுவீங்க?” என்கிறது.

அக்டோபர் 21, செவ்வாய்

118 வரை. இல்லை.

அக்டோபர் 22, புதன்

207 வரை. இல்லை.

அக்டோபர் 24, வெள்ளி

கிடைத்தது. 291-வது கோப்பு.

முதலில் இருமல். அந்த இருமலிலேயே தெரிந்துவிட்டது. அப்புறம், “ஓடுதாடே அது?”

12 நிமிடம் 40 விநாடி. நாற்பது இல்லை.

நடுக்கடலில் பாறைப்பார், அதாவது கடலுக்கடியில் உள்ள பாறைத்திட்டு, எங்கே இருக்கிறது என்று கரையைப் பார்த்தே கண்டுபிடிப்பதைத்தான் சொல்கிறார். இப்போதைய பையன்களுக்கு ஜிபிஎஸ். அவருக்கு மலையும் கோபுரமும் விளக்கும்தான். கரையில் ஒரு அடையாளத்தையும் அதன் பின்னால் ஒரு மலையையும் ஒரே நேரில் வைத்து ஓட்டினால் கடலில் ஒரு கோடு கிடைக்கும். வேறொரு பக்கம் இன்னொரு ஜோடியைப் பிடித்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் கல்லைப் போட்டால் கீழே பார். அந்த அடையாளம்தான் கணியம். தன் அப்பாவிடமிருந்து அவருக்கு வந்தது. அவருக்குப் பையன் இல்லை. பெண்களிடம் இதைச் சொல்லும் வழக்கமும் கிடையாது. மெஷினிடம் சொன்னார், என்னை நம்பி.

“கோயிலு கோபுரத்த மலச் சரிவுல வச்சி ஓட்டணும் மக்கா, அது ஒண்ணு. அடுத்த கணியம்...”

அங்கே அறுந்துவிட்டது.

அக்டோபர் 25, சனி

ஏன் 12:40 என்று கண்டுபிடித்தேன். என் டிஸ்க்கின் ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4 ஒரு கோப்பை ஒரே தொடர்ச்சியாக அதிகபட்சம் 128 எம்பிக்குத்தான் குறித்து வைக்கும். சிடி தரத்து ஸ்டீரியோ வேவ் 128 எம்பிக்குச் சரியாக 12 நிமிடம் 40 விநாடி வருகிறது. மீதி வேறெங்கோ இருக்கும், தலை இல்லாத துண்டாக. ஃபோட்டோரெக்குக்கு அதன் முகம் தெரியாது.

நகலிலிருந்து பெரிய பெரிய துண்டாக வெட்டி, ஆடாசிட்டி என்ற ஒலி நிரலில் ரா டேட்டாவாகத் திறந்து கேட்கிறேன். ஒலியாக இல்லாத இடம் எல்லாம் இரைச்சல், காது அறுகிறது. ஒலி இருந்தால் அலை வடிவம் கண்ணுக்கே தெரியும். ஸ்க்ரோல் பண்ணிக்கொண்டே போகிறேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

இரைச்சல்.

அக்டோபர் 27, திங்கள்

ஒரு இடத்தில் அவர் குரல் நான்கு விநாடி. “...அது வாடைக் காத்துல ஒக்காது.” அதற்கு முன்னால் இரைச்சல், பின்னால் அந்த ஹோஸ்டிங்காரர்களின் வெற்றுப் பக்கத்துப் படங்கள். மீதிக் குரலின் மேலேயே இவை எழுதப்பட்டிருக்கின்றன. நிறுத்திவிட்டேன்.

அக்டோபர் 29, புதன்

இனி இப்படி:

சர்வரில் ஒன்று. வீட்டில் ஒன்று, ரெஸ்டிக் என்ற பேக்கப் நிரலில், தினமும். முந்தின நாளை அழிக்காது, ஒவ்வொரு நாளும் தனித்தனியாக நிற்கும். அங்கே காலியானால் இங்கே ஒரு காலி நாள் சேரும், நேற்று அப்படியே இருக்கும். மூன்றாவது நாகர்கோவிலில் தம்பி வீட்டு பீரோவில், வயர் கழற்றிய டிஸ்க், மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். தம்பி சரி என்றான். “பீரோல துணிக்கு அடியிலயா மேலயா?” என்று கேட்டான். மேலே.

இன்று ஒரு பழைய லேப்டாப்பைக் காலி செய்து, சர்வரைத் தொடாமல் பேக்கப்பிலிருந்து மட்டும் முழுத் தளத்தையும் எழுப்பிப் பார்த்தேன். முதல் தடவை தோற்றது. படங்களின் ஃபோல்டரைச் சேர்க்கவே இல்லை. இரண்டாம் தடவை 47 நிமிடத்தில் வந்தது. ‘நீவாடு’ பக்கத்தைத் திறந்து படித்தேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை இதையே செய்ய வேண்டும். காலண்டரில் டிசம்பர்வரை சிவப்பில் குறித்தாயிற்று.

கணியம் பக்கத்தில் இன்னும் ஒரு கோடுதான்.

அக்டோபர் 31, வெள்ளி

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ். அப்பர் பெர்த். தம்பிக்கான டிஸ்க்கைச் சட்டைக்குள் சுற்றித் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 1, சனி

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். இருமல் வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். 12:40-இல் நின்றதும், “மீதி?” என்றாள்.

சொன்னேன். பேசவில்லை. அப்புறம், “அவ்வளவாவது கெடச்சே” என்று எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள்.

23 சொல்லில் 9-ஐ அவளே சொல்லிவிட்டாள். எழுதிக்கொண்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் தோட்டத்தில் மாலை மந்திரிப்பு (கல்லறைகளுக்கான ஆசீர்வாதம்) முடிந்து மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தோம். காற்றில் நிற்கவே இல்லை, கையால் மறைத்துப் பிடித்து மூன்று தடவை ஏற்றினேன். பெரியப்பாவோடு ஒரே கட்டுமரத்தில் போன மாமா வந்திருந்தார். எழுபத்தாறு வயது. போனில் போட்டு அவர் காதில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அறுந்த இடத்தில் கண்ணைத் திறந்தார்.

“அடுத்தது தெரியுமா மாமா?”

“தெரியும். ஆனா இங்க இருந்து எப்படிச் சொல்ல? அங்க போனாத்தான் கண்ணுக்கு வரும்.”

இன்று ஞாயிறு, யாரும் கடலுக்குப் போகவில்லை. நாளை அதிகாலை மூன்றரைக்கு அவர் பேரன் வள்ளம் இறக்குகிறான், என்னையும் வரச் சொல்லிவிட்டார்.

ரெக்கார்டருக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. கார்டு இரண்டு. இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வைத்திருக்கிறேன். அது போக தம்பியின் போனும். மணி பத்தாகிறது, படுக்க வேண்டும்.