சங்கிலியில் கை வைத்துப் பார்த்த இரவு

போன அக்டோபரில் நாங்கள் இரண்டு குடும்பம், பிள்ளைகளோடு எட்டுப் பேர், இந்தியப் பெருங்கடல் தீவு நாடான சீஷெல்ஸில் 45 அடி கேட்டமரான் (இரட்டை உடல் பாய்ப்படகு) ஒன்றை ஸ்கிப்பரோடு, அதாவது படகை ஓட்டுகிற தலைவரோடு, ஏழு நாளைக்கு வாடகைக்கு எடுத்தோம். அங்கே மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று விடாமல் அடிக்கும், டிசம்பர் வந்தால் வடமேற்கிலிருந்து மழையோடு வரும். நடுவில் ஏப்ரலும் அக்டோபரும்தான் கடல் ஓரளவு அடங்குகிற மாதங்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் டிக்கெட் விலையைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள். படகு வாடகை தனி, ஸ்கிப்பர் சம்பளம் தனி, அவருக்குச் சாப்பாடு நம் பொறுப்பு, டீசலும் நம் கணக்கு.

முக்கியத் தீவான மாஹேயில் இறங்கியதும் தலைநகர் விக்டோரியாவில் நவசக்தி விநாயகர் கோயிலுக்குப் போனோம். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கிற ஊர் அது. அவ்வளவு தூரம் தாண்டி வந்து அந்தக் கோபுரத்தைப் பார்த்ததும் மாமியார் கண்கலங்கிவிட்டார்.

மறுநாள் காலை பிராலின் தீவு நோக்கிக் கிளம்பினோம், சுமார் 45 கிலோமீட்டர். காற்று வலது பக்கத்திலிருந்து நிதானமாக வந்தது, பாயை ஏற்றிவிட்டு ஸ்கிப்பர் இன்ஜினை அணைத்தார், பின்னால் விட்டிருந்த தூண்டிலில் ஒரு சூரை மாட்டியது. வீட்டிலிருந்து கொண்டுபோன புளியைக் கரைத்து, ஆடுகிற அடுப்பில் சட்டியை ஒரு கையால் பிடித்தபடியே மனைவி குழம்பு வைத்தாள். அந்தக் குழம்பின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது.

அன்று ஆன்ஸ் லாசியோ விரிகுடாவில் தங்கினோம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர், ஆறேகாலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், அதற்குள் நங்கூரம் பாய்ச்சியாக வேண்டும். ஆழம் ஆறு மீட்டர், விட்ட சங்கிலி முப்பது மீட்டர். ஸ்கிப்பர் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு குதித்து, நங்கூரம் மணலில்தான் புதைந்திருக்கிறதா, பவளப்பாறையில் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு மழை. காற்று திசை மாறி, படகு அப்படியே சுற்றியது. எழுந்து முன்பக்கம் போனேன், ஸ்கிப்பர் ஏற்கெனவே அங்கே குனிந்திருந்தார். என் கையைப் பிடித்துச் சங்கிலியில் வைத்தார். உள்ளங்கைக்குக் கீழே கறகறவென்று ஒரு அதிர்வு, கல்லில் அரிவாள் தீட்டுகிற மாதிரி. நங்கூரம் இழுபடுகிறது என்றார். மழையில் நனைந்துகொண்டே தூக்கி, இடம் மாற்றி, மறுபடி இறக்கினோம். அப்புறம் வைத்துப் பார்த்தபோது சங்கிலி விறைத்து, சத்தமே இல்லாமல் இருந்தது. எனக்குத்தான் விடியும்வரை தூக்கம் வரவில்லை, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கரையில் தெரிந்த ஒரு விளக்கையும் அதன் பின்னால் இருந்த பாறையையும் நேர்கோட்டில் வைத்து, அந்தக் கோடு கலைகிறதா, படகு நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கியூரியூஸ் தீவு பிள்ளைகளுக்காக. ஒரு காலத்தில் தொழுநோயாளிகளைத் தனியே வைத்திருந்த தீவு, இன்று அல்டாப்ரா ராட்சத ஆமைகள் அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி திரிகின்றன. கழுத்தைத் தடவிக்கொடுத்தால் நாலு காலையும் ஊன்றி எழுந்து நின்று, சுருக்கம் சுருக்கமான அந்தக் கழுத்தை நீட்டி அப்படியே அசையாமல் நிற்கும். என் மகள் அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு வரவில்லை.

பக்கத்தில் சென் பியர் என்ற சின்னப் பாறைத்தீவு. தண்ணீருக்குள் முகத்தை வைத்தால் மீன்கள் கூட்டம் கூட்டமாக வருகின்றன, ஆனால் அடியில் பல இடங்களில் பவளம் உடைந்த சாம்பல் நிறத் துண்டுகள்தான். 1998இல் கடல் சூடேறியபோது இந்தத் தீவுகளைச் சுற்றி இருந்த பவளத்தில் பெரும்பகுதி வெளுத்துச் செத்தது. மிச்சமிருப்பதன் மேல் தெரிந்தே நங்கூரம் போடுகிறவர்களை எனக்கு மன்னிக்கத் தோன்றவில்லை. மணல் தேடிப் பத்து நிமிடம் சுற்றுவதால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எட்டுப் பேர் வீட்டில் குளிப்பது போலக் குளித்ததில் மூன்றாம் நாளே தொட்டி பாதிக்குக் கீழே போய்விட்டது. பிராலின் துறையில் நிரப்பிக்கொண்டோம், பிறகு எல்லோரும் கடலில் குளித்துவிட்டுக் கடைசியில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர்.

கடைசியாகப் போன லா டீக் தீவின் துறை மிகச் சின்னது. முன்னால் நங்கூரத்தை இறக்கி, பின்பக்கத்தைக் கயிறால் கரையோடு கட்ட வேண்டும். பகல் முழுக்க சைக்கிள், ராத்திரி சீமைப்பலாக்காய் வறுவல். அதைத் தின்றவர்கள் திரும்பி வருவார்கள் என்பது அந்த ஊர் நம்பிக்கை, அதனால் நான் கொஞ்சம் அதிகமாகவே தின்றேன். படுக்கப்போகும் முன் முன்பக்கம் போனேன், யாரும் சொல்லவில்லை. சங்கிலியில் கை வைத்தேன். அசைவே இல்லை. போய்ப் படுத்துத் தூங்கிவிட்டேன்.