கரண்ட் இல்லாத காலத்துக் கம்ப்யூட்டர்

உயர்தர வகுப்பில் எங்களுக்குக் கணிதம் படிப்பித்த சேருக்கு நிரலாக்கத்தில் ஒரு பித்து. கல்லூரியில் அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. இருந்திருந்தாலும் திருகோணமலையில் அந்த நாட்களில் கரண்ட் இருந்தால்தானே! அதனால் அவர் எங்களையே கம்ப்யூட்டராக ஓட்டினார்.

கரும்பலகையின் ஒரு பக்கத்தில் உயரமாக ஒரு பெட்டி கீறுவார். மறுபக்கத்தில் கட்டளைகள்: 3 வை, 4 வை, கூட்டு, 5 வை, பெருக்கு. ஒருவன் சோக்கோடு போய் நிற்க வேண்டும். முதலில் 3, அதற்கு மேல் 4. ‘கூட்டு’ என்றதும் இரண்டையும் அழித்துவிட்டு 7. அதன்மேல் 5. கடைசியில் 35. கெட்டிக்காரன் எவனாவது நேரே 35 எழுதப் போனால் டஸ்டர் பறந்து வரும். “நீ யோசிக்காத. மெஷின் யோசிக்காது!”

1995 இல் வெளிவந்த ஜாவா என்ற நிரல்மொழியும் அடிப்படையில் இப்படித்தான் ஓடுகிறது. நாம் எழுதும் நிரல் முதலில் பைட்கோட் என்ற சிறு கட்டளைகளாக மாறும். அவற்றை வாசித்து ஓட்டுவது இரும்பால் ஆன இயந்திரம் அல்ல, இன்னொரு மென்பொருள். அதுதான் விர்ச்சுவல் மெஷின். எந்தக் கணினியிலும் ஒரே நிரல் ஓடும் என்பது இதில் வரும் லாபம். நட்டம், வேகம் குறைவது. அந்த நட்டத்தைக் குறைப்பதுதான் இன்றுவரை என் ஆராய்ச்சி, பிழைப்பு எல்லாம்.

‘இதன் பரப்பளவைச் சொல்’ என்று ஒரு கட்டளை வருகிறது. ‘இது’ வட்டமா சதுரமா என்பது ஓடும்போதுதான் தெரியவரும். எந்த வகைக்கு எந்தக் கணக்கு என்று ஒவ்வொரு முறையும் அட்டவணையில் தேடிக்கொண்டிருந்தால் நிரல் நொண்டும். ஏகாம்பரம் வீதியில் நாங்கள் ரியூசன் முடிந்து ஒதுங்கும் தேத்தண்ணிக் கடை முதலாளி இதற்கு நல்ல வழி வைத்திருந்தார். என் தலை தெரிந்ததுமே சாயம் கூட, சீனி குறைய ஒரு பிளேன்ரீ வந்துவிடும், கேள்வியே இல்லை. புது முகம் வந்தால் மட்டும் கேட்பார். வழக்கமாக வரும் மூன்று நாலு பேரின் கணக்கு அவர் மனதில் நிற்கும். கோணேசர் கோயில் திருவிழாச் சனம் வந்து குவிந்தால் ஞாபகம் உதவாது, ஆளாளுக்குக் கேட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

அந்த முதலாளியைப் போலவே, கட்டளை வரும் இடத்திலேயே போன முறை வந்த வகையைக் குறித்துவைக்கும் உத்தியை, ஸ்மோல்டோக் மொழிக்காக 1984 இல் பீட்டர் டொய்ச், அலன் ஷிஃப்மன் இருவரும் எழுதினார்கள். ஒன்றுக்குப் பதிலாகப் பல வகைகளைக் குறித்துவைக்கலாம் என்று 1991 இல் காட்டியவர்கள் ஊர்ஸ் ஹோல்ஸ்லே, கிரெய்க் சேம்பர்ஸ், டேவிட் அங்கர். அவர்கள் எடுத்துக்கொண்ட மொழி செல்ஃப். அதை ஆக்கியவர்களைத் தவிர, செல்ஃபில் நிரல் எழுதிச் சம்பளம் வாங்கிய ஒருவரையும் நான் கண்டதில்லை! ஆனால் அந்தக் குழுவில் இருந்த லார்ஸ் பாக்தான் பிறகு ஜாவாவை வேகப்படுத்திய ஹொட்ஸ்பொட் என்ற விர்ச்சுவல் மெஷினிலும், 2008 இல் குரோம் உலாவியோடு வந்து ஜாவாஸ்கிரிப்ட் மொழியை ஓட்டும் வி8 இலும் முன்னின்றவர். டொரொன்டோவில் இருந்துகொண்டு குரோமில் ஊர்த் தேரை நேரலையில் பார்க்கும் நம்மவர்களுக்கும் அந்த வேலையின் பயனில் பங்குண்டு. உடனடிப் பயன் என்ன என்று கேட்டு ஆராய்ச்சிக்குக் காசு கொடுப்பவர்களோடு நான் சண்டை பிடிப்பது இதனால்தான்.

இப்போது ஊரில் உயர்தரத்துக்குத் தகவல் தொழில்நுட்பம் எடுக்கும் பிள்ளைகள் படிப்பது பைத்தன் என்ற நிரல்மொழி. 2022 இல் வந்த அதன் 3.11 பதிப்பில் இதே உத்தி சேர்ந்திருக்கிறது. பைத்தனோடு வரும் ‘டிஸ்’ என்ற மொடியூலைக் கொண்டு தங்கள் நிரலின் பைட்கோடை அவர்களே பார்க்கலாம். தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. விளங்காத கட்டளை ஏதும் கண்ணில் பட்டால் எனக்கு எழுதட்டும். சனி, ஞாயிறில் பதில் போடுவேன்.